பந்தல் ஆணியும் நானூறு மீட்டரும்

“டில்லியில ஒரு காலி இடம் கெடந்துச்சுன்னா, ஒருத்தன் வந்து கொடிய நடுவான், அடுத்தவன் வந்து…” என்று பெரியப்பா ஏதோ சொல்வார். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவன் வந்து என்ன செய்வான் என்பது எனக்கு மறந்துபோய்விட்டது. பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநரின் வேலையே ஒரு காலி இடத்தைக் காலியாக வைத்திருப்பதுதான் என்று தெரிந்த பிறகு, அந்தப் பின்பாதியை அவரிடம் கேட்டுவிட வேண்டும் போல இருந்தது. பெரியப்பா இப்போது இல்லை. நானே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

மாடிப்படியில் சைக்கிள் நிறுத்தாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்த அடுக்குமாடிச் செயலாளர்களே, சத்தம் போடாதீர்கள் என்று சத்தம் போட வேண்டியிருக்கும் நூலகர்களே, எதையாவது காவல் காத்துத் தூக்கத்தைத் தொலைத்த என் இனத்தவர்களே, இது உங்களுக்காக.

முதல் நாள்

மயூர் விஹாரில் தமிழில் வாய்ப்பாடும் ஆங்கிலத்தில் அறிவியலும் படித்து வளர்ந்தவன் நான். பிறகு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் பல வருடம் குப்பை கொட்டினேன். அங்கே விளையாட்டு இயக்குநர் என்றால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த முகம். நான் அந்த முகத்துக்குக் கீழே நாலாவது ஆள். அம்மாவுக்கு மூட்டு தேய்ந்து நாங்கள் டில்லிக்கே திரும்பியபோது, இங்கே ஒரு பல்கலைக்கழகம் என்னையே இயக்குநர் ஆக்கியது. மூன்று வருட ஒப்பந்தம். நிர்வாகத்தின் தலைவரான ரெஜிஸ்ட்ரார் அதன் முடிவில் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால், ஐம்பதை நெருங்குகிற, விசில் ஊதத் தெரிந்த ஒருவனுக்கு இந்த ஊரில் வேறு என்ன கிடைக்கும்? தினமும் பல் துலக்கும்போது இதை யோசிப்பேன். துலக்கி முடிந்த பிறகும் யோசிப்பேன்.

முதல் நாள் மைதானக் காவலர் தரம்பால் சுற்றிக் காட்ட அழைத்துப்போனார். ஹரியானாக்காரர், எதற்கும் அசராத மனிதர். நடுவில் புல்வெளி, சுற்றிலும் மண் ஓடுதளம், ஒரே ஒரு பெரிய கேட். நீளம் தாண்டும் மணல் குழியில் சாமந்தி மாலை ஒன்று கிடந்தது. குண்டு எறியும் வட்டத்துக்குள் குலாப் ஜாமூன் கிண்ணம். நூறு மீட்டர் தொடங்கும் இடத்தில் யாரோ குதிரையைக் கட்டி வைத்திருந்ததற்கான அடையாளம், அதுவும் புத்தம் புதிதாக. நான் நின்றுவிட்டேன். தரம்பால் துளிக்கூடச் சங்கடப்படாமல் இந்தியில் சொன்னார்:

“சாகேப், இது கல்யாண மண்டபம்தான். முகூர்த்தம் இல்லாத நாள்ல பசங்க ஓடிக்குவாங்க.”

வாளி

ஊழியர் வீட்டுக் கல்யாணத்துக்கு மைதானத்தைக் கொடுப்பது அங்கே நெடுநாள் வழக்கம். நம் கல்யாணங்களைப் போல விடிகாலையில் தாலி கட்டி, மத்தியானப் பாயசத்தோடு முடிகிற சமாசாரம் அல்ல. ராத்திரி முழுக்க நடக்கும். ஒரு சினிமா செட் அளவுக்குப் பந்தல் நிற்கும். அது நிற்பது முழ நீள இரும்பு ஆணிகளை நம்பி. ஆணி அடிக்க ஒரு படையே வரும். பிடுங்க ஒருவர்தான் வருவார், அவரும் அடுத்த கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில். பிடுங்கிய இடத்தில் குழி இருக்கும். பிடுங்காத இடத்தில் ஆணி இருக்கும். நான் சேர்ந்த வருடம் ஒரு போட்டியில் ஒரு மாணவர் முழு வேகத்தில் வந்து அப்படி ஒரு குழியில் கால் வைத்தார். கணுக்கால் உடைந்த சத்தம் கைதட்டலைத் தாண்டி எனக்குக் கேட்டது. அவர் திரும்ப ஓடவே இல்லை.

அன்றிலிருந்து பயிற்சிக்கு முன்பே வாளியும் குச்சியுமாக ஓடுதளத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். ஆபீஸ் வேலையைச் சென்னை நண்பர்கள் கிண்டலாக ‘ஆணி பிடுங்குறேன்’ என்பார்கள். என் விஷயத்தில் அது உள்ளபடியே உத்தியோகம். ஒரு ஆணியும் கிடைக்காத நாளில்தான் சந்தேகம் வரும். இல்லை என்று அர்த்தமா, எனக்குத் தெரியவில்லை என்று அர்த்தமா? மறுபடி ஒரு சுற்று போவேன்.

எனக்கு முன்னால் வந்துவிடுகிற ஒரே மாணவி கவிதா. நானூறு மீட்டர் ஓடுகிறவள். டில்லியிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், பாதி வழியில் இந்திக்கு மாறிவிடுவாள், வாசிக்க மாட்டாள். வடக்கு மண்டலத் தேர்வுப் போட்டியில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டி. அங்கே நன்றாக ஓடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை. அவள் வீட்டில் அதுவரை யாரும் ‘நிரந்தரம்’ என்ற சொல்லைத் தங்களுக்காகப் பயன்படுத்தியதில்லை. ஒருநாள் நான் மூன்றாவது சுற்று போவதைப் பார்த்துக்கொண்டே ஷூ கட்டியவள் சொன்னாள்:

“அரே சார், எல்லாரும் தேடினது கெடச்சா குஷி ஆவாங்க. நீங்க மட்டும் கெடச்சாலும் டென்ஷன், கெடைக்கலேன்னாலும் டென்ஷன்.”

அஞ்சலை

கவிதாவின் அம்மா அஞ்சலை. கள்ளக்குறிச்சிப் பக்கம். மயூர் விஹாரில், எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்து அடுக்குமாடியில்தான் வீட்டுவேலை செய்கிறார் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. ஒருநாள் வேலைக்கு நடுவே மகளைப் பார்க்க வந்தார். பெற்றோர் வந்தால் என்ன கேட்பார்கள் என்பதற்கு நான் தயாராக இருப்பேன்: எத்தனை விநாடி, எந்த இடம், சான்றிதழ் எப்போது. அஞ்சலை எதையும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஓடுதளத்தில் இறங்கி, வளைவுவரை வெறுங்காலால் தேய்த்துத் தேய்த்து நடந்தார். மாவு சலிக்கிறவர் கைபோல அந்தக் கால் போனது.

“என்னம்மா பாக்குறீங்க?” என்றேன்.

“போன வருசம் ஒரு புள்ளைக்கு இங்கதான கால் ஒடஞ்சிது?”

ஆமாம் என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். போகிற போக்கில் சொன்னார்:

“ஜெயிக்கறதும் தோக்கறதும் அவ பாடு சார். தரை உங்க பாடு.”

சாதனை

வருடாந்திரக் கூட்டம் ஒன்று உண்டு. ஒவ்வொரு துறைத் தலைவரும் எழுந்து அந்த ஆண்டின் சாதனையைச் சொல்ல வேண்டும். வேதியியல்காரர் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அடுக்கினார். நூலகர் புதிதாகப் போட்ட குளிர்சாதனத்தைச் சொன்னார். என்னிடம் சொல்ல இரண்டு உருப்படியான விஷயங்கள் இருந்தன. பெண்கள் உடைமாற்றும் அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்தேன். வடக்கு மண்டலத் தேர்வை முதன்முறையாக எங்கள் மைதானத்துக்குக் கொண்டுவந்தேன். இவற்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்ததால் அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். “இந்த ஆண்டு மைதானத்தில் யாருக்கும் கால் உடையவில்லை.”

சிரிப்பு எழுந்தது. ரெஜிஸ்ட்ரார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் இனிமையான மனிதர். ஊழியர்களின் பிள்ளைகள் பெயர்வரை தெரியும், கோபம் வந்தாலும் குரல் உயராது. பேனாவை மூடி வைத்தார்.

“நடக்காத விஷயத்தைச் சாதனை என்று எழுத முடியாது, மூர்த்தி ஜி.”

சனிக்கிழமை

மண்டலத் தேர்வுக்குத் தேதி குறிப்பது என் பொறுப்பு. டில்லியில் போட்டிகள் நடக்கிற குளிர்காலத்தில்தான் கல்யாணங்களும் கூட்டம் கூட்டமாக வரும். ஆகவே முந்தின ராத்திரி பந்தல் நிற்காத ஒரு காலைப் பொழுதைக் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டில் ஊரிலிருந்து வந்த தமிழ் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. அதன் தாள்களைப் புரட்டிப் புரட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்தேன். முந்தின நாள் சனிக்கிழமை, போதாததற்குத் தேய்பிறை. சனிக்கிழமை தேய்பிறையில் எவனாவது கல்யாணம் வைப்பானா? அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறந்து வளர்ந்த ஊரில் இப்படி ஒரு தப்பைச் செய்ய டில்லித் தமிழனால்தான் முடியும். நாங்கள் எத்தனை தலைமுறை இங்கே இருந்தாலும் எங்கள் காலண்டர் ஊரைவிட்டு வெளியே வராது. செவ்வாயும் சனியும் உலகம் முழுக்கக் கல்யாணத்துக்கு ஆகாத நாட்கள் என்று நான் மனதார நம்பியிருந்தேன். நடுவர்களுக்குத் தகவல் போய், பல்கலைக்கழகங்கள் டிக்கெட் போட்ட பிறகு, ஒரு சாயங்காலம் ரெஜிஸ்ட்ரார் தானே என் அறைக்கு வந்தார். கையில் இனிப்புப் பெட்டி, அதன்மேல் அழைப்பிதழ். மகளுக்குக் கல்யாணம். நம் மைதானத்தில்தான். தேதியைப் பார்த்தேன். அதே சனிக்கிழமை ராத்திரி.

“சார், இது… சனிக்கிழமையாச்சே” என்று உளறினேன். அவர் ஒன்றும் புரியாமல், ஆனால் அன்பாகவே, என்னைப் பார்த்தார்.

“ஆமாம். மறுநாள் ஞாயிறு, எல்லோருக்கும் லீவு. சனிக்கிழமைக்கு என்ன குறைச்சல், மூர்த்தி ஜி?”

குல்ஷன்

பந்தல்காரர் குல்ஷன் வெள்ளிக்கிழமையே ஆணி அடிக்கத் தொடங்க வேண்டும் என்றார். ஞாயிறு காலையில் பந்தல் பிரித்து முடியாது, முடிந்தாலும் அந்தத் தரையில் ஓடவிட முடியாது. நான் நடுவர்களிடம் கெஞ்சித் தேர்வைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றினேன். வெளியூர் அணிகள் வெள்ளி இரவே வந்து விடுதியில் தங்குவதாக இருந்ததால் தப்பித்தேன். குல்ஷனிடம், ஓட்டங்கள் முடிந்த பிறகே லாரி உள்ளே வர வேண்டும் என்றேன். கேட்டிலிருந்து உள்ளே போக ஓடுதளத்தின் வளைவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பனியில் ஊறிய மண்ணில் இரும்புக் குழாய் ஏற்றிய லாரி ஒருமுறை ஏறி இறங்கினால் போதும், அதன்பின் அங்கே நாற்று நடலாம்.

ரெஜிஸ்ட்ராரிடம் போய் நின்றேன். சனிக்கிழமை காலை மட்டும் மைதானம் எனக்கு வேண்டும் என்றேன். “பத்து மணிக்குக் கேட் திறக்க வேண்டும், மூர்த்தி ஜி. பெண்ணைப் பெற்றவன் உங்களிடம் வாக்கு கேட்கிறேன்” என்றார். கொடுத்தேன். கொடுத்த கையோடு குல்ஷனிடம் இன்னொன்றும் கேட்டுப் பார்த்தேன்: ஆணியே வேண்டாமே, தண்ணீர் நிரப்பிய டிரம்களில் கயிற்றைக் கட்டக்கூடாதா? குல்ஷன் என் தோளில் கை வைத்தார்.

“போன சீசன்ல டிரம்ல கட்டினேன் சார். அடிச்ச காத்துல பந்தல் பறந்து பக்கத்துக் கல்யாணத்துல போய் உக்காந்துச்சு. எங்க பக்கம் மாப்பிள்ளை மட்டும்தான் மிச்சம்.”

பனி

சனிக்கிழமை விடிந்தபோது மைதானம் இல்லை. அத்தனை பனிமூட்டம். கேட்டில் நின்றால் வளைவு தெரியவில்லை, வளைவில் நின்றால் கேட் தெரியவில்லை. வாளியோடு இறங்கிக் குனிந்து குனிந்து ஒரு சுற்று வந்தேன். அஞ்சலை ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு வேலிப் பக்கம் நின்றிருந்தார். அன்று வேலைக்குப் போகவில்லை போலிருக்கிறது. பனி சற்று இளகியபோது முதல் சுற்று ஓட்டங்களை எப்படியோ நடத்தினார்கள். கவிதா இறுதிக்குத் தேறினாள். ஓடி முடித்தவர்களுக்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்துக் காத்திருந்தபோது பனி மறுபடி இறங்கிவிட்டது. பத்து மணி ஆயிற்று. பெண்கள் நானூறு மீட்டர் இறுதி ஓட்டம் மட்டும் பாக்கி.

கேட்டுக்கு வெளியே லாரிகள் ஹாரன் அடித்தன. குல்ஷனின் ஆட்கள் லாரி மேல் ஏறி நின்று, கண்ணுக்கே தெரியாத ஓட்டக்காரிகளில் யார் ஜெயிப்பார்கள் என்று சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓட்டத்தைத் தொடங்கி வைக்கும் நடுவர் என்னிடம் வந்தார். “என்ன செய்யலாம்? இப்போதே ஓடவிட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். உங்கள் லாரிப் பிரச்சினையும் தீரும். ஆனால் வளைவு எனக்குத் தெரியவில்லை. மைதானம் உங்களுடையது, நீங்கள் சொல்லுங்கள்.” கவிதா கோட்டருகே குதித்துக் குதித்து உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டிருந்தாள். “சார், நான் ரெடி” என்றாள். அவள் எப்போதுமே ரெடி. அதுதான் என் பயம்.

கேட்டுக்குப் போனேன். ரெஜிஸ்ட்ரார் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். தலைமுடி கலைந்து, கண்கள் சிவந்து, முதல்முறையாக ஒரு அதிகாரியைப் போல இல்லாமல் யாரோ ஒரு அப்பாவைப் போல. சாவி என் சட்டைப் பையில். அதைத் தொட்டுத் தொட்டு விரல் சில்லிட்டிருந்தது. அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் கல்யாணம், இந்தப் பக்கம் ஒரு பெண்ணின் கால், நடுவில் நான் கொடுத்த வாக்கு. மூன்றாம் வருடம் முடிய அதிக நாள் இல்லை என்பதும் ஞாபகம் வந்தது. ஞாபகம் வராமல் இருந்தால்தானே. “கடைசி ஓட்டம் முடியட்டும் சார், அப்புறம் திறக்கிறேன்” என்றேன். அவர் குரல் அப்போதும் உயரவில்லை.

“உங்கள் கோப்பு என் மேஜை மேல்தான் இருக்கிறது, மூர்த்தி ஜி. என் மகள் வீட்டில் அழுதுகொண்டிருக்கிறாள். இரண்டையும் யோசித்துக்கொள்ளுங்கள்.”

விருந்து

நடுவரிடம் திரும்பிப் போய், பனி விலகட்டும் என்றேன். விலகியபோது மதியம் நெருங்கிவிட்டது. இறுதி ஓட்டம் நடந்தது. வளைவில் எல்லோரும் ஒரே கும்பலாக வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன், ஆகவே அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. லாரி மேலிருந்து வந்த கூச்சலை வைத்துத்தான் முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். கவிதா இரண்டாவது. அகில இந்தியப் போட்டிக்குத் தேறிவிட்டாள். அஞ்சலை வேலியைத் தாண்டி வந்தார். எந்த இடம் என்று கேட்காமல் மண்ணில் உட்கார்ந்து மகளின் இரண்டு கணுக்காலையும் அழுத்திப் பார்த்தார். அதன் பிறகுதான் அழ ஆரம்பித்தார்.

நான் கேட்டைத் திறந்தேன். குல்ஷனின் ஆட்கள் பம்பரமாய்ச் சுழன்றார்கள். இருட்டும்போது பந்தல் நின்றுவிட்டது. ஆனால் பூக்கள் வைத்த பெரிய வாசல் வளைவு கட்ட நேரமில்லை. மாப்பிள்ளை வெறும் கேட்டுக்கு முன்னால் குதிரையிலிருந்து இறங்கினார். போகாமல் இருக்கவும் முடியாது, போகவும் கால் வராது. கடைசியில் ஒரு பரிசுப் பொட்டலத்தோடு போனேன். மணமகள் சிரித்துக்கொண்டிருந்தாள், அது ஒரு நிம்மதி. ரெஜிஸ்ட்ரார் ரோஜா நிறத் தலைப்பாகையில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடவும் இல்லை, முகத்தைப் பார்க்கவும் இல்லை.

“சாப்பிட்டுவிட்டுப் போங்கள், மூர்த்தி ஜி. தந்தூரி அடுப்பு உங்கள் நானூறு மீட்டர் முடிவுக் கோட்டின் மேல்தான் இருக்கிறது.”

மிச்சம்

ஞாயிற்றுக்கிழமை வாளி நிறைந்துவிட்டது. முடிவுக் கோட்டில் மண் வெந்து செங்கல் நிறத்தில் இருந்தது. திங்கட்கிழமை போனபோது என் கோப்பைப் பற்றித் தகவல் ஒன்றும் இல்லை. இதை எழுதும்வரையிலும் இல்லை.

ஆக, அமெரிக்காவிலும் டில்லியிலுமாக நான் விளையாட்டுத் துறையில் உழைத்த உழைப்புக்கெல்லாம் சேர்த்து எழுத முடியாத சாதனை ஒன்று உண்டென்றால், அது ஒரு இரும்புக் கேட்டை ஒரு காலைப் பொழுது திறக்காமல் இருந்ததுதான்.

அதே திங்கட்கிழமை, கணக்குப் பிரிவில் ஒருவர் தம் மகன் கல்யாணத்துக்கு மைதானம் கேட்டு எழுதிய தாள் என் மேஜையில் இருந்தது. அடுத்தவன் வந்து ஆணி அடிப்பான் என்பதுதான் பெரியப்பா சொன்னதன் பின்பாதியாக இருக்க வேண்டும். அதன் கீழே ‘மைதானம் காலியில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.